பூசாரி வீட்டு விருந்தாளி: ஜப்பான் மலைக்கோயில்ல ராத்தங்கல் பத்தி நீங்க கேட்டது

போன இதழ்ல மிதாகே மலையில ஒரு ராத்திரி தங்குன கதைய நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. பாதிப் பேரு கேட்டது ஒரே விஷயம், "சைவம் கெடைக்குமா?" அதுக்கு வரேன், கொஞ்சம் பொறுங்க. பேரு போட வேண்டாம்னு நெறைய பேரு சொன்னதால ஊரை மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், கோயில்ல தங்குறதுன்னா நம்ம தேவஸ்தான ரூம் மாதிரியா? டோக்கன் வாங்கணுமா?

நானும் அப்படி நெனச்சுக்கிட்டுதான் போனேன். கவுன்ட்டர் இருக்கும், ரசீது போடுவாங்க, சாவியக் குடுத்து மூணாவது மாடிம்பாங்கன்னு. போய் நின்னா அது ஒரு வீடு. வாசல்ல செருப்ப விட்டுட்டு ஏறணும், உள்ள ஒரு பாட்டி டிவி பாத்துக்கிட்டு இருக்காங்க, வீட்டம்மா மண்டி போட்டு வரவேத்து டீ குடுக்குறாங்க, வீட்டுக்காரரு பழைய ஸ்வெட்டரோட வந்து ரூமைக் காட்டிட்டு ஹீட்டர் எப்படிப் போடுறதுன்னு சொல்லிட்டுப் போறாரு. மறுநாள் விடியக்காலையில அதே ஆளு வெள்ளை அங்கி, தலையில கருப்புத் தொப்பி, கையில தட்டையான மரச்சட்டம்னு நிக்கிறாரு, எனக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியல. அவருதான் பூசாரி. அந்த வீட்டுக்குள்ளேயே சாமி ரூம் ஒண்ணு இருக்கு, சின்னது இல்ல, ஒரு ஹால் அளவுக்கு.

இதுக்குப் பேருதான் ஷுக்குபோ. மிதாகே 929 மீட்டர் மலை, டோக்கியோ எல்லைக்குள்ளயேதான் இருக்கு, ஓமேங்கிற ஊருப் பக்கம். உச்சியில முசாஷி மிதாகேங்கிற ஷிண்டோ கோயில் (ஷிண்டோன்னா ஜப்பானோட பூர்வீக மதம்), அதுக்குக் கீழ மலை மேலயே ஒரு குட்டி ஊரு, அதுல இருபது சொச்சம் ஷுக்குபோ. பெரும்பாலும் எல்லாமே பூசாரிக் குடும்பங்களோட வீடு, தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்குறவங்க. அதனால டோக்கன்லாம் கெடயாது, முன்னாடியே போன் பண்ணியோ நெட்லயோ சொல்லிட்டுத்தான் போகணும், திடீர்னு போய் நின்னா வீட்ல சமையலுக்கு என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. ரெண்டு வேளை சாப்பாட்டோட ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேல ஆகும்னு வெச்சுக்கங்க, கையில ரொக்கமா வெச்சுக்கிட்டா நல்லது.

கேள்வி (திருச்சி): ஷிண்டோ கோயில்ங்குறீங்க, ஆனா போட்டோவுல புத்தர் கோயில் கோபுரம் மாதிரி இருக்கே?

நீங்க பாத்தது ஹகுரோ மலையோட அஞ்சடுக்குக் கோபுரமா இருக்கும், யாமகாதா மாநிலத்துல, 29 மீட்டர் உயரம், மரத்துலயே கட்டுனது, இப்ப நிக்கிறதுக்கு ஏறக்குறைய அறுநூறு வருஷம் வயசு. கோபுரம் பௌத்தம், அது நிக்கிற எடம் ஷிண்டோ. எப்படின்னா அந்தக் காலத்துல ரெண்டையும் யாரும் பிரிச்சுப் பாக்கல. மலையில திரியுற யாமாபுஷின்னு சாமியாருங்க, அவங்க வழிக்கு ஷுகெந்தோன்னு பேரு, ஷிண்டோ சாமியும் புத்தரும் மலையும் எல்லாம் கலந்த ஒரு வழி. 1868ல மேஜிங்கிற பேரரசரோட புது அரசாங்கம் வந்து இது வேற அது வேறன்னு பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, 1872ல ஷுகெந்தோவையே தடை பண்ணுச்சு. ஹகுரோவுல இருந்த பௌத்தக் கட்டடம் நெறைய அந்தக் கலவரத்துல போயிருச்சு. கோபுரம் மட்டும் எப்படியோ தப்பிச்சு நின்னுக்கிட்டு இருக்கு.

அங்க மலை மேல சைக்கான்னு ஒரு தங்குற எடம் இருக்கு, கோயிலே நடத்துறது, அது முன்னாடி பௌத்த மடமா இருந்த கட்டடம்தான். அதனால இது எந்த மதம்னு ரொம்ப நோண்டாதீங்க, அவங்களே அதப் பத்திக் கவலைப்படுறதில்ல.

கேள்வி (தஞ்சாவூர்): பூசாரி ஏன் சார் லாட்ஜ் நடத்துறாரு? காசுக்கா?

நல்லா கேட்டீங்க, எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால பதில் நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

இந்தப் பூசாரிங்களுக்கு "ஓஷி"ன்னு பேரு. எதோ காலத்துல ("எதோ"ங்கிறது ஜப்பான் வரலாத்துல 1603லேந்து 1868 வரைக்கும் உள்ள காலத்தோட பேரு) ஜப்பான்ல ஒரு விவசாயி நெனச்ச நேரத்துல ஊரை விட்டுக் கெளம்ப முடியாது, வயலு இருக்கு, காசும் இருக்காது, ஆனா மலைச்சாமியக் கும்பிடணும். அதுக்கு ஊருக்குள்ள "கோ"ன்னு ஒரு கூட்டம் சேத்தாங்க. வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமா காசு போட்டு சேத்து வெப்பாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை குலுக்கிப் போட்டு யாரு பேரு விழுதோ அந்த நாலஞ்சு பேரு மொத்த ஊருக்காகவும் மலையேறிட்டு வருவாங்க, அடுத்த வருஷம் வேற ஆளுங்க. நம்ம ஊரு குலுக்கல் சீட்டேதான், என்ன ஒண்ணு, சீட்டு விழுந்தவன் கைக்குப் பணம் வராது, மலை வரும்.

மலைக்கு வர்றவங்களத் தங்க வெச்சு, சோறு போட்டு, குளிக்க வெச்சு, சாமி முன்னாடி கூட்டிட்டுப் போய் அவங்க பேரைச் சொல்லி வேண்டுறது ஓஷியோட வேலை. ஊருக்கு ஊரு இன்ன ஓஷின்னு கணக்கு உண்டு, உங்க தாத்தா எந்த வீட்ல தங்குனாரோ அதே வீட்லதான் நீங்களும் தங்குவீங்க. சீசன் இல்லாதப்ப ஓஷி மலையிலேந்து எறங்கி ஊர் ஊரா அவரே வருவாரு, வீட்டுக்கு வீடு சாமி சீட்டு குடுப்பாரு, ஓஃபுதான்னு சொல்லுவாங்க, கோயில் பேரும் உருவமும் அச்சடிச்ச காகிதம், ஜனங்க பதிலுக்கு நெல்லோ காசோ குடுப்பாங்க. மிதாகே சீட்டுல ஓநாய் படம் போட்டிருக்கும். ஏன் ஓநாய்னா பயிரைத் தின்ன வர்ற காட்டுப்பன்னியையும் மானையும் அடிக்கிறது அதுதானே, விவசாயிக்கு அதைவிட நல்ல காவல்காரன் யாரு. அப்புறம் திருடனுக்கும் நெருப்புக்கும்கூட அதே சீட்டை வாசக்கதவுல ஒட்டிக்கிட்டாங்க.

ஹகுரோ பக்கம் இதுக்கு ஒரு அழகான வார்த்தை இருக்கு. ஒரு யாமாபுஷிக்கு உரிமையான ஊருங்களுக்கு "காசுமி"ன்னு பேரு, அப்படின்னா மூடுபனின்னு அர்த்தம். பனி எதுவரைக்கும் படருதோ அதுவரைக்கும் உன் எல்லைன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன், சரியான்னு கேக்காதீங்க. அந்த மலையடிவாரத்துல தோகேன்னு ஒரு ஊரு, அங்க ஒரு காலத்துல 336 தங்கல் வீடு இருந்துச்சாம், இப்ப முப்பது வாக்குலதான் மிச்சம். தெருவுல நடந்தீங்கன்னா பல வீட்டு வாசல்ல கை தடிமனுக்கு வைக்கோல் கயிறு தொங்குறதைப் பாக்கலாம், வருஷக் கடைசி ராத்திரி, டிசம்பர் 31, மலை மேல நடக்குற விழாவுல இழுத்த கயிறு அது, காப்புக்காக வாசல்ல கட்டிக்கிறாங்க.

1871ல அரசாங்கம் ஓஷிங்கிற பட்டத்தையே ஒழிச்சிருச்சு. சட்டம் போச்சு, பழக்கம் போகல. இன்னிக்கும் நாலு பரம்பரையா ஒரே வீட்டுக்கு வர்ற கூட்டம் உண்டு, நான் தங்குன வீட்ல பக்கத்து ரூம்ல அப்படி ஒரு குரூப்பு, எல்லாம் எழுபதுக்கு மேல, ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் சாக்கே குடிச்சு ஒரே சிரிப்பு. அதனால காசுக்கான்னா, காசும்தான், ஆனா தொழில் ஆரம்பிச்சது லாட்ஜா இல்ல.

கேள்வி (மாம்பலம், கூடவே இன்னும் பதினோரு பேரு): சைவச் சாப்பாடு கெடைக்குமா?

வந்துட்டேன், வந்துட்டேன்.

இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. நெட்ல ஷுக்குபோன்னு தேடுனா "சுத்த சைவம், மடத்துச் சாப்பாடு"ன்னு வரும், அது பெரும்பாலும் கோயா மலையப் பத்தி, அது பௌத்த மடம். ஷிண்டோல மீனுக்குத் தடையே கெடயாது, சாமிக்குப் படைக்கிறதுலயே அரிசி, உப்பு, தண்ணி, சாக்கேயோட மீனும் இருக்கும். அதனால மிதாகே மாதிரி எடத்துல ராத்திரி தட்டுல ஆத்துமீன் ஒண்ணு முழுசா உப்பு போட்டுச் சுட்டு வெச்சிருப்பாங்க, தலையோட, கண்ணோட, உங்களையே பாத்துக்கிட்டு.

ஹகுரோ வேற. யாமாபுஷிங்க விரதம் இருந்து ஏறுன மலை, அதனால அங்க "ஷோஜின்" சாப்பாடு, அதாவது கறி மீன் இல்லாத சாப்பாடு, பேர் போனது, சைக்கான்ல அதுதான் விசேஷம். காட்டுக்கீரை, மூங்கில் குருத்து, காளான், கோமாதோஃபு. கோமாதோஃபு பேருதான் தோஃபு, சோயாவே கெடயாது, எள்ளை அரைச்சுப் பாலெடுத்து ஒரு கெழங்கு மாவு போட்டுக் கைவிடாம கிண்டுறது, வாயில வெச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். பனி கொட்டுற ஊரு பாருங்க, வசந்தத்துல பறிச்ச கீரையக் காய வெச்சும் உப்புல போட்டும் பதுக்கி வருஷம் முழுக்க ஓட்டுவாங்க. காரம்னு ஒண்ணு இருக்காது, அதுக்கு ஊறுகாய்ப் பாட்டில் கொண்டு போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா சாப்பாட்டு மேஜையில தெறந்து வெக்காதீங்க, ரூம் முழுக்க வாசம் அடிக்கும். ஆனா ஹகுரோவுலயும் எல்லா வீட்லயும் இதேதான்னு நெனச்சுராதீங்க, சில வீட்ல மீனும் வரும்.

பெரிய ஆபத்து மீன் துண்டு இல்ல, அது கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிடலாம். தாஷிதான் ஆபத்து. தாஷின்னா சாறு மாதிரி அடிப்படைத் தண்ணி, சூப்பு, கீரை, முட்டை, பஜ்ஜிக்குத் தொட்டுக்குற சாஸ், எல்லாத்துலயும் அது இருக்கும், சாதாரண வீட்ல அதைக் காஞ்ச மீன் சீவல் போட்டுத்தான் எடுப்பாங்க. சைவம்னு மட்டும் சொன்னா அவங்க மனசுல கறியும் மீனும் இல்லாட்டி போதும்னு இருக்கும், தாஷிய யோசிக்கவே மாட்டாங்க, ஏமாத்துறது இல்ல, தோணாது. அதனால புக் பண்றப்பவே "நிக்குவும் சாகனாவும் வேண்டாம், கட்சுவோ தாஷியும் வேண்டாம், கொம்பு தாஷின்னா சரி"ன்னு எழுதிக் கேளுங்க. நிக்குன்னா கறி, சாகனான்னா மீன், கட்சுவோங்கிறது அந்தக் காஞ்ச மீன், கொம்புங்கிறது கடல்பாசி. முடியும்னா முடியும்பாங்க, முடியாதுன்னா பணிவா முடியாதும்பாங்க, போய் எறங்குன பிறகு சொன்னா மட்டும் ரெண்டு பக்கமும் தர்மசங்கடம்.

கேள்வி (சிங்கப்பூர்): குளியல் எல்லாரும் ஒண்ணாவா? கூச்சமா இருக்கு அண்ணா.

பெரிய வீடுன்னா ஆம்பளைக்குத் தனி பொம்பளைக்குத் தனி, சின்ன வீடுன்னா ஒரே தொட்டி, முறை வெச்சு ஒரு குடும்பம் போயிட்டு வந்ததும் அடுத்த குடும்பம். உள்ள பூட்டிக்கலாமான்னு வீட்டம்மாகிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க. ஒண்ணே ஒண்ணு, வெளிய சோப்பு போட்டு நல்லா தேச்சுக் குளிச்சிட்டுத்தான் தொட்டியில எறங்கணும், வெளிய வந்ததும் தண்ணியத் தெறந்து விட்டுராதீங்க, அடுத்தவங்களுக்கும் அதே தண்ணிதான். டாய்லெட்டு நெறைய எடத்துல பொது, ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல காகிதக் கதவுதான், கொறட்டை விடுறவங்க பாத்துக்கங்க.

கேள்வி (மதுரை): அருவியில நின்னு தவம் பண்றாங்களாமே, நாமளும் பண்ணலாமா?

மிதாகேல பண்ணலாம், சில ஷுக்குபோல ஏற்பாடு பண்ணிக் குடுக்குறாங்க, நீங்களா போய் நிக்கக் கூடாது. அயாஹிரோன்னு ஒரு அருவி, பெருசு இல்ல, குத்தாலத்தை மனசுல வெச்சுக்கிட்டுப் போகாதீங்க. ஆனா தண்ணி! விடியக்காலையில இருட்டோட காட்டுவழி நடந்து போய், வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு, மொதல்ல படகு தள்ளுற மாதிரி ரெண்டு கையையும் முன்ன பின்ன ஆட்டிக் கத்திக்கிட்டே ஒரு பயிற்சி, ஒடம்பு சூடாகுறதுக்கும்தான், அப்புறம் ஒவ்வொருத்தரா கீழ போய் "ஹாராயெதோ நோ ஓகாமி"ன்னு தீட்டுக் கழிக்கிற சாமி பேரைச் சொல்லிக்கிட்டே நிக்கணும். நான் அக்டோபர்ல நின்னேன், மூணாவது தடவை சொல்றப்ப வாய் கோணிக்கிச்சு, என்ன சொன்னேன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். பிரஷர், ஹார்ட் பிரச்சனை இருந்தா வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): பெண்கள் மலையேற அனுமதி உண்டா? எல்லா நாளும் போகலாமா?

நீங்க எதை மனசுல வெச்சுக் கேக்குறீங்கன்னு புரியுது. மிதாகேக்கும் ஹகுரோவுக்கும் இன்னிக்குத் தாராளமா போகலாம், யாரும் நாள் கேக்க மாட்டாங்க, பொம்பளைங்களுக்குன்னே யாமாபுஷிப் பயிற்சியும் ஹகுரோல நடக்குது. ஆனா பழைய காலத்துல புனித மலை பலதுலயும் பொம்பளைங்களுக்குத் தடை இருந்துச்சு, 1872ல அரசாங்கம் உத்தரவு போட்டு அதை எடுத்துச்சு. பக்தி வளந்து எடுக்கல, வெளிநாட்டுக்காரன் பாக்குறான்னு எடுத்தாங்கன்னும் சொல்றவங்க உண்டு. இன்னொண்ணு, உத்தரவு போட்டும் எடுக்காத எடம் இன்னிக்கும் இருக்கு, நாரா பக்கம் ஓமினே மலைத்தொடர்ல சான்ஜோகாதாகேன்னு ஒரு சிகரம், இதுக்கு மேல பெண்கள் வரக்கூடாதுன்னு வழியில தோரணவாசலும் போர்டும் வெச்சிருக்காங்க. எனக்கு அது பிடிக்கல, ஆனா இருக்குறதை இருக்குன்னு சொல்லணும்ல.

கேள்வி (யோகோஹாமா): மாமியார் தவறி ஒரு மாசம் ஆகுது. ஹகுரோவுக்கு ரூம் போட்டிருந்தோம். போகலாமா, தீட்டு உண்டா?

அம்மா, மொதல்ல என்னோட வருத்தத்தைச் சொல்லிக்கிறேன்.

தீட்டுங்கிற விஷயம் ஷிண்டோலயும் நம்ம மாதிரியேதான், விளக்கவே வேண்டாம், வார்த்தை மட்டும்தான் வேற, "கெகாரே"ம்பாங்க. நெருங்குன சொந்தம் போனா அம்பது நாள் கோயில் தோரணவாசலுக்குள்ள நுழையாம இருக்குறது வழக்கம். பௌத்தக் கோயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. உங்களுக்கு ஒரு மாசம்தான் ஆகுதுன்னா இன்னும் இருபது நாள் பாக்கி. வெளிநாட்டுக்காரங்ககிட்ட யாரும் கேக்கப் போறதில்லதான், ஆனா நீங்க கேட்டுட்டீங்க, உங்க மனசுல அது இருக்கு, அப்போ தங்குற வீட்டுக்கே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க. தேதிய மாத்திக் குடுப்பாங்களோ வாங்கன்னு சொல்லுவாங்களோ, சொல்லப் போறது ஒரு பூசாரி வீடு, லாட்ஜ் மேனேஜர் இல்ல.

மாத்துறதுன்னா எப்பன்னு சொல்றேன். தேவா சான்சான்ங்கிறது மூணு மலை: ஹகுரோ 414 மீட்டர், காஸ்ஸான் 1984, யுதோனோ 1504. ஹகுரோ இந்தப் பிறவி, காஸ்ஸான் செத்தவங்க போற மலை, யுதோனோ மறுபடி பொறக்குற எடம்னு நம்பிக்கை. ஏறுறவங்க போட்டுக்குற வெள்ளை உடுப்பு பொணத்துக்குப் போடுற உடுப்புதான், செத்துப் பொறந்து எறங்கி வர்றதா கணக்கு. காஸ்ஸான் கோயில் ஜூலை 1ஆம் தேதிதான் தெறக்கும், கோடையிலயும் வழியில பனி கெடக்கும். போனவங்கள நெனச்சுக் கும்பிட ஹகுரோ உச்சியிலயே முன்னோருக்குன்னு ஒரு மண்டபம் இருக்கு, தனிப்பட்ட படையல்கள் வெச்சிருப்பாங்க. யுதோனோல என்ன இருக்குன்னு மட்டும் நான் எழுத மாட்டேன், "சொல்லாதே, கேக்காதே"ன்னு அங்க ஒரு கட்டுப்பாடு, போட்டோவும் கூடாது, வெறுங்கால்லதான் போகணும். 1689ல பாஷோங்கிற பெரிய கவிஞர் போனாரு, அவரே வாயத் தெறக்காம கண்ணு கலங்குச்சுன்னு மட்டும் எழுதிட்டு வந்துட்டாரு, நான் எம்மாத்திரம்.

கேள்வி (சென்னை): ஒரு வாரம்தான் லீவு, டோக்கியோ போறோம், ரெண்டு பசங்க கூட. எது வசதி?

மிதாகே. டோக்கியோவுலேந்து ஓமே லைன்ல மிதாகே ஸ்டேஷன், பஸ்ஸுல பத்து நிமிஷம், கேபிள் கார்ல ஆறு நிமிஷம், அப்புறம் ஊருக்குள்ள நடை. கேபிள் கார் சாயங்காலத்தோட நின்னுடும், அதை விட்டீங்கன்னா பொட்டி படுக்கையோட மலை ஏறணும், நாலு மணிக்குள்ள மேல இருக்குற மாதிரி கெளம்புங்க. ராத்திரி வானம் தெளிவா இருந்தா கீழ டோக்கியோ வெளிச்சம் தெரியும்.

ஹகுரோ போகணும்னா நீகாதா வரைக்கும் ஷின்கான்சென், அங்கேந்து சுருவோகாவுக்கு வேற ரயிலு, மொத்தம் நாலு மணி நேரம், அப்புறம் பஸ். 2446 கல்படி, ரெண்டு பக்கமும் தேவதாரு மாதிரி ராட்சச மரங்க. படியில அங்கங்க சின்னச் சின்னப் படம் செதுக்கியிருக்கும், சாக்கேக் கிண்ணம், சுரைக்குடுக்கைன்னு, மொத்தம் 33, எல்லாத்தையும் கண்டுபிடிச்சா வேண்டுனது நடக்குமாம், பசங்கள ஏத்துறதுக்கு இதைவிட நல்ல லஞ்சம் இல்ல.

கேள்வி (பெங்களூரு): வீட்ல நாய் இருக்கு, இங்க கோயிலுக்கே கூட்டிட்டுப் போக முடியாது. அங்க எப்படி?

மிதாகேல நாய்க்குத் தனியா பூஜையே உண்டு, கேபிள் கார்லயும் ஏத்திக்குவாங்க. அந்த ஓநாயச் சொன்னேன்ல, யாமாதோ தாகெருன்னு ஒரு இளவரசன் மலையில வழி தவறுனப்ப வெள்ளை ஓநாய் வந்து வழி காட்டுச்சாம், அவன் இந்த மலைய நீயே காத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனானாம். ஜப்பான்ல நெஜ ஓநாய் 1905ல நாராவுல புடிச்சதோட அத்துப்போச்சு. இப்ப அதோட எடத்துல ஷிபாவும் பூடிலும் வரிசையில நிக்குது, நான் போன அன்னிக்குப் பூசாரி தலைக்கு மேல வெள்ளைக் காகிதக் கோலை ஆட்டுறப்ப ஒரு குட்டி நாய் அதை வெளையாட்டுச் சாமான்னு நெனச்சுப் பாஞ்சு புடிக்கப் பாத்துச்சு, அவரு மொகத்துல ஒரு மாத்தமும் இல்லாம இன்னொரு தடவை ஆட்டினாரு.